சைலன்சருக்குள் ஒரு வேதியியல் பாடம்

நம் மாணவர்கள் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் வண்டிக் காணொளிகளில் ஒரு வகை உண்டு. ஆள் உயரத்துக்கு நிற்கும் அமெரிக்க பிக்கப் ஒன்று சிக்னலில் காத்திருக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். சைலன்சரிலிருந்து தார் போன்ற கரும்புகை கிளம்பிப் பின்னால் வரும் காரை மூடிவிடும். அங்கே இதற்கு 'ரோலிங் கோல்' என்று பெயர். இதைப் பெருமையாகச் செய்பவர்களே இருக்கிறார்கள்.

"டீச்சர், அமெரிக்காவில சட்டமெல்லாம் ரொம்பக் கடுமைன்னு சொல்வாங்களே, அப்புறம் எப்படி இவ்ளோ புகை விடுறாங்க?" என்று பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டி புகை விடவில்லை. பிறகு யாரோ அதை அப்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எதைக் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள், கழற்றினால் யாருக்கு என்ன ஆகிறது என்று தொடர்ந்து போனால், வெப்பம், வினைவேகம், கரிம வேதியியல், சுற்றுச்சூழல் என நாம் தனித்தனியே நடத்தும் நாலைந்து பாடங்கள் ஒரே குழாய்க்குள் வந்து நிற்கின்றன. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. பிக்கப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குட்டியானையும் பொலீரோவும்தான். அமெரிக்கர்கள் 'ஹெவி டியூட்டி பிக்கப்' என்று சொல்வது வேறு இனம். ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500 மற்றும் 3500, செவ்ரோலே சில்வராடோ எச்டி ஆகியவை இந்த வகை. சுமையோடு சேர்த்து ஏறக்குறைய 3.9 டன் முதல் 6.4 டன் வரை எடை அனுமதிக்கப்பட்டவை. பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் எடை, இவற்றில் பெரியவற்றுக்கு 15 டன்னையும் தாண்டும். ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் இன்ஜினின் உயர்திறன் வடிவம் 1,627 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: ராம் பிக்கப்பில் இருக்கும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினின் உறவுக்கார இன்ஜின்தான் நம் நாட்டில் 55 டன் வகை டாடா டிராக்டர்-டிரெய்லர்கள் சிலவற்றை இழுக்கிறது. அதே அளவு இன்ஜினை வைத்துக்கொண்டு அங்கே ஒருவர் தனியாகக் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வருகிறார். இந்த முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு அழுக்குகள், ஒரே தீ

பெட்ரோல் இன்ஜினில் பொறி வைத்துத் தீ மூட்டுகிறோம். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து பதினாறு மடங்குக்கு மேல் சுருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை மாணவர்கள் தொட்டே பார்த்திருப்பார்கள்; அதன் பெரிய வடிவம் இது. அந்தச் சூடான காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. பீய்ச்சப்பட்ட டீசல் துளிகளின் நடுப்பகுதிக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அங்கே எரிபொருள் பாதி வெந்து கரியாகிறது, இதுதான் புகைக்கரி. துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது, வெப்பமும் மிக அதிகம். காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனின் முப்பிணைப்பு அந்த வெப்பத்தில் உடைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. நைட்ரஜன் மந்த வாயு போல நடந்துகொள்ளும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா, அந்த மந்தத்தைக் கலைக்கும் அளவுக்கு உள்ளே சூடு.

தீயைக் குளிர்வித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். தீயை நன்றாக எரியவிட்டால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும் பலூன் மாதிரி. டீசல் பொறியாளர்களின் முப்பது ஆண்டுக் கவலை முழுவதும் இந்தப் பலூன்தான்.

இரண்டில் கரி கண்ணுக்குத் தெரியும். மற்றது தெரியாது. நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இது நேரடித் துன்பம். வெயிலில் இது மற்ற ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது. மேலே இருந்தால் காக்கும் ஓசோன், கீழே இருந்தால் நுரையீரலை அரிக்கும். இது ஊர்விட்டு ஊர் காற்றில் பயணம் செய்யும். ஆகவே "புகையே வரவில்லை, வண்டி சுத்தம்" என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியான வகையில் சேர்த்துவிட்டது.

குழாய்க்குள் மூன்று நிலையங்கள்

பெட்ரோல் காரில் ஒரே வினையூக்கிப் பெட்டி மூன்று மாசுகளையும் கவனித்துக்கொள்ளும். டீசலில் அது முடியாது. டீசல் புகையில் எப்போதும் எரியாத ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும் இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது கடினம். ஒடுக்க வினை நடக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனேற்றச் சூழல் இருக்கிறது என்று மேல்நிலை மாணவர்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். எனவே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்ஜினிலேயே ஒரு முன்னேற்பாடு உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே அனுப்புவார்கள். மெக்கானிக்குகள் இதை 'இஜிஆர்' என்பார்கள். ஆக்சிஜன் சற்றுக் குறைந்து, தீயின் உச்ச வெப்பம் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு குறையும். பலூன் விதிப்படி கரி கூடும். அந்தக் கரியைப் பிடிக்கத்தான் வெளியே ஏற்பாடு.

முதல் நிலையம் ஆக்சிஜனேற்ற வினையூக்கி. பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூட்டுச் செங்கல் போன்றது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் முடித்துவைக்கிறது.

இரண்டாவது, துகள் வடிகட்டி. 'டிபிஎஃப்' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். இதன் அமைப்பு அழகானது. பீங்கான் தேன்கூட்டில் நூற்றுக்கணக்கான நீளத் துளைகள். ஒரு துளையின் வாய் திறந்திருந்தால் அதன் கடைசி அடைத்திருக்கும். பக்கத்துத் துளையின் வாய் அடைத்துக் கடைசி திறந்திருக்கும். உள்ளே போன புகை வெளியேற வேண்டுமானால் நுண்துளைகள் கொண்ட சுவர் வழியாகக் கசிந்து பக்கத்துத் துளைக்குப் போயாக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். காகித உறிஞ்சுகுழல்களையும் களிமண்ணையும் வைத்து இதன் மாதிரியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள்.

வடிகட்டி என்றால் அடைத்துக்கொள்ளும். மோர் வடிகட்டும் துணியை உதறுவது போல இதையும் சுத்தம் செய்ய வேண்டுமே? உதற முடியாது; உள்ளேயே எரிக்கிறார்கள். சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அது போதாதபோது, கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் செலுத்தி, முதல் நிலையத்தில் அதை எரியவிட்டு, வடிகட்டியை 550 முதல் 600 டிகிரி வரை சூடாக்கி, கரியைச் சாம்பலாக்குவார்கள். இதை 'ரீஜெனரேஷன்' என்கிறார்கள்.

மூன்றாவது நிலையம்தான் வேதியியல் ஆசிரியர்களுக்கு விருந்து. பெட்ரோல் பங்குகளில் நீல மூடிக் கேன்களில் விற்கும் ஆட்ப்ளூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரி ஓட்டுநர்கள் சிலர் 'யூரியா' என்றே கேட்டு வாங்குவார்கள். சரியான பெயர்தான். கனிம நீக்கம் செய்த நீரில் 32.5 விழுக்காடு யூரியா கரைந்த கரைசல் அது. ஏன் 32.5? அந்தச் செறிவில்தான் கரைசலின் உறைநிலை மிகக் குறைவாக, சுமார் மைனஸ் 11 டிகிரியில், இருக்கிறது. கூட்டினாலும் குறைத்தாலும் உறைநிலை மேலே ஏறிவிடும்.

இக்கரைசல் சூடான புகைக்குழாய்க்குள் பீய்ச்சப்படுகிறது. யூரியா சிதைந்து அம்மோனியா வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் யூரியாவைச் சோதனைக் குழாயில் சூடாக்கும்போது மூக்கைத் துளைக்கும் அதே அம்மோனியா. ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமாவதைக் காட்டிவிட்டு, "இதே வினைதான் நம் தெருவில் போகும் புது லாரியின் குழாய்க்குள் நடக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். செய்முறைப் பதிவேட்டுக்காக மட்டும் செய்யும் சோதனை திடீரென உயிர் பெற்றுவிடும். 1828இல் வோலர் ஆய்வகத்தில் தயாரித்த சேர்மம் என்று கரிம வேதியியலின் முதல் வகுப்பில் நாம் அறிமுகம் செய்யும் யூரியா, இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று அவரே எண்ணியிருக்க மாட்டார்.

அம்மோனியா, செம்பு சேர்ந்த சியோலைட் போன்ற வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைச் சந்திக்கிறது. நான்கு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து, நான்கு நைட்ரஜன் மூலக்கூறுகளாகவும் ஆறு நீர் மூலக்கூறுகளாகவும் மாறுகின்றன. சமன்பாட்டைச் சமன்செய்யும் பாடத்துக்கு இதையே கொடுக்கலாம்: இருபுறமும் நைட்ரஜன் அணுக்கள் 8, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. குழாயின் மறுமுனையில் வருவது நாம் சுவாசிக்கும் நைட்ரஜனும் நீராவியும். நல்ல நிலையில் இருந்தால் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடை இது அழிக்கிறது.

இவையெல்லாம் கந்தகத்துக்குப் பயந்தவை. கந்தகம் வினையூக்கியைக் கெடுக்கும். அதனால் அமெரிக்கா 2006இல் டீசலில் கந்தகத்தை பத்து இலட்சத்தில் 15 பங்காகக் குறைத்த பிறகே, 2007இல் துகள் வடிகட்டி கட்டாயமாகும் அளவுக்குத் துகள் வரம்பை இறுக்கியது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 2010இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யூரியாவே வேண்டாம், இஜிஆரை மட்டும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நாவிஸ்டார் நிறுவனம் பிடிவாதமாக முயன்றது. பலூன் அவர்களுக்கும் விலக்கு அளிக்கவில்லை. 2012இல் அந்த முயற்சியைக் கைவிட்டு யூரியா வழிக்கே வந்தது.

உழைத்தால் சுத்தம், சும்மா இருந்தால் அழுக்கு

மேலே சொன்ன பால்-ரொட்டி முரண்பாட்டுக்கு இப்போது வருவோம். இந்த நிலையங்கள் எல்லாமே சூட்டில் வேலை செய்பவை. யூரியா வினையூக்கிக்கு ஏறக்குறைய 200 டிகிரியாவது வேண்டும். வடிகட்டி தானாகச் சுத்தமாக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். மலைப்பாதையில் பத்து டன் இழுத்துக்கொண்டு ஏறும் பிக்கப்பின் புகைக்குழாய் தகதகவென்று சூடாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதே வண்டி காலியாக மூன்று கிலோமீட்டர் போய், பள்ளி வாசலில் இன்ஜின் ஓட நின்று, திரும்பி வந்தால் குழாய் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கரி சேரும். ரீஜெனரேஷன் தொடங்கும், பாதியில் வீடு வந்துவிடும், இன்ஜின் அணைக்கப்படும். நாலு முறை இப்படி நடந்தால் எச்சரிக்கை விளக்கு, பிறகு பட்டறை, பிறகு பெரிய செலவு.

பெரும் சுமைக்காகக் கட்டிய வண்டியைக் கார் போல ஓட்டுவதால் வரும் நோய் இது. அமெரிக்காவில் டீசல் பிக்கப் மீது இருக்கும் கோபத்தில் கணிசமான பங்கு இதிலிருந்து கிளம்புகிறது என்பது என் கருத்து. ஆனால் உரிமையாளர்கள் எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. உண்மையாகவே குதிரை வண்டியும் வைக்கோல் டிரெய்லரும் இழுக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். யூரியாத் தொட்டியின் உணரி ஒன்று பழுதானாலே, கணினி இன்ஜினின் ஆற்றலைக் குறைத்து வண்டியை ஊர்ந்து போக வைத்துவிடும். அறுவடை நாளில், அருகில் பட்டறை இல்லாத இடத்தில் அப்படி நின்றால் யாருக்கும் பொறுமை போகும். அந்தக் குறை நியாயமானது.

இரண்டு விதமான ஏமாற்று

முதல் ஏமாற்று தொழிற்சாலையிலேயே நடந்தது. வண்டியின் புகையை ஆய்வகத்தில், உருளைகளின் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட நேரம் ஓட்டிச் சோதிப்பார்கள். சக்கரம் சுழல்கிறது, ஸ்டீயரிங் அசையவில்லை என்றால் இது சோதனைதான் என்று கணினியால் ஊகிக்க முடியும். ஆய்வு அலுவலர் வருகிறார் என்று தெரிந்த நாளில் மட்டும் பாடத்திட்டப் பதிவேடு முதல் கழிப்பறை வரை பளபளக்கும் பள்ளியை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா, அதே தந்திரம்.

வோக்ஸ்வேகன் கார்களில் இது பிடிபட்ட கதையில் நமக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு, அளவிடும் கருவியைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா சாலைகளில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தது. ஜெட்டா கார் அனுமதி அளவைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு வெளியிட்டது. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் இருந்தார். பெயரே நம் பக்கத்தைச் சொல்லிவிடும். 2014இல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் நிறுவனம் சிக்கியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது.

பிக்கப்புகளும் தப்பவில்லை. ராம் 2500, 3500 வண்டிகளின் இன்ஜினைத் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனம், 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 வண்டிகளில் சட்டத்துக்குப் புறம்பான கட்டுப்பாட்டு மென்பொருள் வைத்திருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் பதிவான இந்த உடன்பாடு, அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட உரிமையியல் அபராதங்களில் மிகப் பெரியது.

இரண்டாவது ஏமாற்று உரிமையாளரின் வீட்டு முற்றத்தில் நடப்பது. வடிகட்டியைக் கழற்றி வெற்றுக் குழாயை மாட்டி, இஜிஆரை அடைத்து, யூரியாவை நிறுத்தி, கணினி கண்டுபிடிக்காதபடி மென்பொருளை மாற்றிவிடுவார்கள். இதை 'டெலீட்' என்கிறார்கள். சட்டப்படி குற்றம். ஆனாலும் பாகங்கள் வெளிப்படையாக விற்றன. எரிபொருள் மிச்சம், கூடுதல் ஆற்றல், பட்டறைச் செலவு இல்லை என்பன சொல்லப்படும் காரணங்கள். கரும்புகை விட்டுக் காட்டுவது மட்டுமே நோக்கமாக இருப்பவர்களும் உண்டு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டில், அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன என்று கண்டது. காற்றின் தரத்தில் இதன் விளைவு, ஒழுங்கான 90 இலட்சம் டீசல் பிக்கப்புகளைக் கூடுதலாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம். இந்த இரண்டு எண்களையும் எட்டாம் வகுப்பில் வகுக்கச் சொல்லுங்கள். விடை 16ஐத் தாண்டும். தெருவில் ஒருவர் தன் வண்டியின் வடிகட்டியைக் கழற்றினால், அதே தெருவில் ஒழுங்கான வண்டிகள் பதினாறு புதிதாக வந்தது போல. அதே மதிப்பீட்டின்படி, அவ்வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். வண்டிக்கு ஒரு டன். கழற்றியவருக்கு மிச்சமாவது பணம். அந்த ஒரு டன்னை மூச்சில் வாங்கிக்கொள்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இனி இந்த வண்டிகள் என்னாகும்?

மின்சார பிக்கப் வந்துவிட்டால் இந்தக் குழாயே வேண்டாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் ஒரு தொட்டி சுமார் 129 லிட்டர், அதாவது 1,290 யூனிட். அதில் 40 விழுக்காடு சக்கரத்துக்குப் போகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 500 யூனிட்டுக்குச் சற்று மேல். ஃபோர்டு 2022இல் கொண்டுவந்த மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கில் பெரிய மின்கலத்தின் அளவு 131 யூனிட். மின் மோட்டார் மிகத் திறமையானது, பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும்; அப்படியும் டீசல் தொட்டியில் நாலில் ஒரு பங்கைத் தொடவில்லை. அந்த மின்கலத்தின் எடை பல நூறு கிலோ. டீசல் தொட்டி நிரம்பியிருந்தாலும் எரிபொருளின் எடை 110 கிலோவுக்குள்தான்.

வெறுமனே ஓட்டும்போது இது பெரிய குறையே இல்லை. பெரிய டிரெய்லரை மாட்டினால் காற்றுத்தடையும் எடையும் சேர்ந்து, ஒரு மின்னேற்றத்தில் போகும் தூரம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2025 டிசம்பரில் அறிவித்தது. ராம் நிறுவனமும் தன் முழு மின்சார பிக்கப் திட்டத்தை அதே ஆண்டில் கைவிட்டது. மின்கலத்தோடு சிறிய இன்ஜின் ஒன்றை வைத்து மின்னேற்றிக்கொண்டே போகும் கலப்பு முறையை இரு நிறுவனங்களும் முன்னிறுத்துகின்றன. இவையும் எடை குறைந்த பிரிவுக்கானவை. மிகப் பெரிய சுமையை நீண்ட தூரம் இழுக்கும் பிரிவில் டீசல் இன்னும் சில காலம் இருக்கத்தான் போகிறது. அதிலும் கொஞ்சம் பேர் பெட்ரோல் இன்ஜினுக்குத் திரும்புகிறார்கள். டீசலைத் தேர்ந்தெடுத்தால் பத்தாயிரம் டாலரை ஒட்டிக் கூடுதல் விலை என்பதால், வாரத்துக்கு இருமுறை மட்டும் சுமை இழுப்பவருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாவதில்லை. அவர்கள் அப்படித் திரும்புவது வடிகட்டிகளுக்கும் நல்லதுதான்.

சட்டப் பக்கத்தில் இழுபறி. 2027 முதல் கனரக டீசல் இன்ஜின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும் விதியை அம்முகமை 2022 டிசம்பரில் இறுதி செய்தது. குளிர்ந்த குழாயில் வினை நடக்கவில்லை என்ற பழைய சிக்கலைத் தீர்க்க, இன்ஜினை ஒட்டி இன்னொரு யூரியா வினையூக்கி, குழாயைச் சூடாக்கும் மின் சூடேற்றி, சுமையில்லாதபோது சில சிலிண்டர்களை ஓய்வில் வைத்தல் போன்ற வழிகளைப் பொறியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஆட்சி மாறியது, 2025 மார்ச்சில் அந்த விதியை மறுபரிசீலனை செய்வதாக அதே முகமை அறிவித்தது. ஆகஸ்டில், யூரியா தீர்ந்தாலோ அந்த அமைப்பு பழுதானாலோ வண்டியின் ஆற்றலைத் திடீரென்று கடுமையாகக் குறைக்காதபடி மென்பொருளை மாற்ற வழிகாட்டுதல் கொடுத்தது. நடுவழியில் நின்ற விவசாயிக்கு இது நிம்மதி. எச்சரிக்கையை நீட்டினால் பழுதைச் சரிசெய்யாமலே ஓட்டும் நாட்களும் நீளுமே என்ற கவலையும் உண்மையானது. எனக்கு முதல் பகுதியில் குறை சொல்லத் தோன்றவில்லை: உணரி பழுதாவதற்கு ஓட்டுநரைத் தண்டிக்கும் வடிவமைப்புதான் பலரை டெலீட் பக்கம் தள்ளியது.

நம் தெருவில்

இந்தக் குழாய் நமக்கு அந்நியமானதல்ல. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வண்டிகள் மட்டுமே விற்பனை. பி.எஸ்.4இலிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறுக்குக் குதித்தோம். டீசலில் கந்தகம் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கனரக இன்ஜின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து அரை கிராமுக்கும் கீழே வந்தது. 2023 ஏப்ரல் முதல், ஆய்வகத்தோடு நிறுத்தாமல் கருவியை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிச் சோதிக்கும் முறையும் கார்களுக்கு வந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாக் குழு செய்தது இன்று விதியாகியிருக்கிறது.

மாணவர்களில் பலர் லாரி, வேன், டிராவலர் ஓட்டுநர்களின் பிள்ளைகள். இரண்டு செய்திகள் அவர்கள் வழியாக வீட்டுக்குப் போனால் பயன் உண்டு. ஒன்று, வயலுக்கு வாங்கிய யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கூடாது. வயல் யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. பையூரெட் என்ற கலப்பும் இருக்கும். குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு. இவை பீய்ச்சும் முனையை அடைத்து, பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். கேனில் வாங்குவதற்கும் சாக்கில் வாங்குவதற்கும் உள்ள விலை வித்தியாசம் அந்தச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

மற்றொன்று, ரீஜெனரேஷன் நடந்த வண்டியின் அடிப்பகுதி காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். வண்டிக் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. நம் பக்கம் அறுவடைக் காலத்தில் சோளத்தட்டையும் உளுந்துச் செடியும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏறிப் போகட்டும் என்று விடுவார்கள். பழைய லாரிகள் போன காலத்தில் அது பெரிய ஆபத்தாக இருந்ததில்லை. இன்றைய பி.எஸ்.6 வண்டி அதன் மேல் நின்றுவிட்டால் கதை வேறு. காய்ந்த செடி அடியில் சிக்கியிருந்தால் உடனே வண்டியை நகர்த்தி, எடுத்துவிட வேண்டும். வகுப்பில் இதைச் செயல்முறையாகக் காட்ட எண்ணி மாணவர்களை எந்த வண்டியின் புகைக்குழாய் அருகிலும் அழைத்துப் போக வேண்டாம். உறிஞ்சுகுழல் மாதிரியும், சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை யூரியாவும், ஈர லிட்மஸ் தாளும் போதும்.